கைச்சூட்டில் பாலாகும் புட்டி

எங்கள் ஆலையில் அவளுக்குச் 'சிவப்புச் சீட்டு' என்று பெயர். சோதனைக்கூடத்தில் தேறாத சரக்கின்மேல் முகம் பார்க்காமல் சிவப்புச் சீட்டு ஒட்டுகிறவள். பக்கத்து மேசை என்னுடையது. கலவைத் தொட்டியில் வேலை பார்த்த அவள் தம்பிக்கு 'விளக்கெண்ணெய்' என்று பெயர். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்க விளக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கெட்டிச் சரக்கோடுதான் அவனுக்கு நாளெல்லாம் வேலை; ஆளும் கொஞ்சம் மந்தம்.

அந்தச் சரக்கு துணிச் சாயத்துக்கும் போகும், பூச்சிமருந்துக்கும் போகும். எங்களிடம் முகத்தில் தெளிக்கும் வாசனைநீருக்கு. அது சேர்ந்தால் வாசனை எண்ணெய் தண்ணீரில் கலந்து கண்ணாடிபோலத் தெளிந்து நிற்கும். நன்றாகச் சூடாக்கினால் பால்போலக் கலங்கும், பாலாகும். ஆறினால் மறுபடி தெளியும். உப்பு கூடிவிட்டாலோ கைச்சூடே போதும், பாலாகிவிடும்.

ஒருநாள் தம்பி உப்பை இரண்டு முறை கொட்டிவிட்டான்.

"அக்கா, இந்த ஒரு தடவை கண்டுக்காம விட்டுடுக்கா. வேலை போயிடும்."

"தம்பின்னு விட்டா நாளைக்கு யாரு என்னை மதிப்பா?" என்று சீட்டை ஒட்டிவிட்டாள்.

அவன் வேலை போனது. பேச்சும் நின்றது. அடுத்த மாதமே அவனுக்கு விஷக்காய்ச்சல். மருத்துவமனையில் இவள் அவன் கையைப் பிடிக்கப் போக, அவன் இழுத்துக்கொண்டான். மறுநாள் செத்துப்போனான். பாவி, அந்தக் கையை ஒரு நொடி கொடுத்திருக்கக் கூடாதா என்று எனக்கே ஆத்திரம் வரும்.

தேறாத சரக்கிலும் ஒரு புட்டியை மாதிரிக்காக இரண்டு வருடம் தனி அறையில் வைத்திருக்க வேண்டும். எப்போதும் குளிர்ந்திருக்கும் அறை. சாவி அவளிடம் மட்டும். காலையில் திறந்தால் மற்றதெல்லாம் தெளிவாக நிற்கும். அவன் கலந்த சரக்கின் புட்டி மட்டும் பாலாக இருக்கும், அதுவரை யாரோ பிடித்திருந்ததுபோல. இவள் தொட்டதும் தெளிந்துவிடும். கைபட்டால் பாலாக வேண்டியது, தெளிந்தது!

"பாரு, இப்பவும் கையை இழுத்துக்கிறான்" என்று என்னையும் கூட்டிப்போய்க் காட்டுவாள். பேய்க்கதை என்றால் எனக்குச் சிரிப்பு வரும். அந்த அறையில் வரவில்லை.

இரண்டு வருடம் முடிந்து புட்டியைக் கொட்ட வேண்டிய நாளில் என்னையும் துணைக்கு அழைத்தாள். புட்டி பாலாக இருந்தது. கையை நீட்டுமுன், முதல்முறையாக அழுதாள்.

"சீட்டு ஒட்டினது சரிதான்டா. அப்புறம் உன்கூட வந்து நிக்காம போனதுதான் தப்பு. அக்காவை மன்னிச்சுடுடா."

எடுத்தாள். தெளியவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பாலாகவே இருந்தது.

"கைச்சூடுதான், வேற என்ன? வச்சிட்டு வா" என்று அவள் கையைப் பிடித்தேன். கொதித்தது. சற்று முன் என்னிடம் சாவி தரும்போது சில்லென்றிருந்த கை.

அவள் சிரித்தாள்.

"விடமாட்டேங்கிறான், பாத்தியா?" என்றாள்.