டேட்டா பார்க்கும் மேசை

என் மருமகள் வேலை பார்த்த பெக்டரி, சிங்கப்பூருக்கு இந்தப் பக்கம் தெப்ராவில் இருந்தது. பதினோரு வருடம் அங்கே சின்னச் சின்ன சாமான்களைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, நல்லது எது, கெட்டது எது என்று பிரிக்கிற வேலை. போன வருடம் அந்தப் பெக்டரி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. மிஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆட்களை விட்டுவிட்டுப் போனார்கள்.

என் மகன் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவான். "எங்க கம்பெனியில ஆள் எடுக்குறாங்க. நீயும் வந்துரு" என்றான் மருமகளிடம். அவள் உடனே தலையாட்டவில்லை. வீட்டில் நாலு வயதுப் பிள்ளை. அது அப்பாவை ஞாயிற்றுக்கிழமைதான் சரியாகப் பார்க்கிறது. அம்மாவையும் அப்படிப் பார்க்க வேண்டுமா என்பதுதான் அவள் மனதில்.

"ரெண்டு மாசம் குடுங்க. ஒரு தொழில் யோசிச்சு வச்சிருக்கேன். சரிப்படலைன்னா நானே வந்து பேப்பர்ல கையெழுத்து போடுறேன்" என்றாள்.

"என்ன தொழில்?"

"எல்லார் வீட்டுலயும் மாசம் முடியறதுக்குள்ள போன்ல டேட்டா தீந்துபோகுது. ஏன் தீருதுன்னு யாருக்கும் தெரியல. திரும்பத் திரும்ப டாப்-அப் போடுறாங்க. எது திங்குதுன்னு நான் பாத்து, அத நிறுத்திக் குடுக்கப் போறேன். ஒரு போனுக்கு அஞ்சு வெள்ளி காசு."

மகன் சிரித்தான். "போன் கடைக்காரன் சும்மாவே செஞ்சு குடுப்பான் லா."

"அவன் டேட்டா விக்கிறவன். கொறச்சுக்கோன்னு அவன் எதுக்குச் சொல்லப் போறான்?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவர்கள் இருவரும் பேசும்போது நான் நடுவில் பேசுகிற வழக்கம் கிடையாது. யாரிடமுமே நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. காஹாங்கில் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பள்ளியிலும் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் தலை குனிந்து நிற்பேன்.

முதல் சோதனை என் போனில்தான் நடந்தது. எனக்கு மாதம் பத்தாம் தேதிக்கே டேட்டா தீர்ந்துவிடும். "அத்தை, உங்க போன குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். மகன் இருந்தான். பக்கத்து வீட்டு அக்காவும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். மருமகள் எதையோ அமுக்கி ஒரு பட்டியலைத் திறந்து, மேலிருந்து கீழாகச் சத்தமாக வாசித்தாள்.

"வீடியோ, எல்லாத்துக்கும் மேல இதுதான் இருக்கு. மத்ததெல்லாம் ஒண்ணுமேயில்ல. என்ன வீடியோ அத்தை அப்படிப் பாக்குறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அதையும் திறந்துவிட்டாள். "இது என்ன? கம்பளம் கழுவுறது. இதுவும் கம்பளம். இதுவும். எல்லாமே கம்பளமா?"

மகன் எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்து வீட்டு அக்கா, "அலமாக்! காதுல மாட்டிக்கிட்டு போன்லருந்து கண்ண எடுக்காம உக்காந்திருப்பீங்களே, நான் ஜெபமாலை பாக்குறீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள். மருமகளும் சிரித்தாள். நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த வீடியோக்களில் பேச்சு இருக்காது. சேறு பிடித்த கம்பளத்தைத் தரையில் விரித்துத் தண்ணீர் அடிப்பார்கள். கறுப்புத் தண்ணீர் ஓடும். சோப்பு போட்டு, தேய்த்து, தேய்த்து, கடைசியில் சிவப்பும் நீலமுமாகப் பூ தெரியும். நான் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் படி துடைத்தவள். காலையில் துடைத்த படியில் மத்தியானத்துக்குள் செருப்புத் தடம் ஏறிவிடும். துடைத்து முடித்தது என்று ஒருநாளும் கிடையாது. வீடியோவில் அது முடிகிறது. அதோடு, அங்கே வலிப்பது என் இடுப்பு இல்லை. இதை யாருக்கு, எப்படிச் சொல்வது?

மருமகளின் வேலையில் குறை இல்லை. படத்தின் தெளிவைக் குறைத்து வைத்தாள். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாதபடி செய்தாள். குரூப்பில் வருகிற காலை வணக்கப் படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்தினாள். அந்த மாதம் கடைசி நாள் வரை எனக்கு டேட்டா இருந்தது. படம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். கறுப்புத் தண்ணீர் ஓடுவது தெரிந்தால் எனக்குப் போதும். ஆனால் அதற்குப் பிறகு வரவேற்பறையில் உட்கார்ந்து நான் பார்ப்பதில்லை. அறைக்குள் போய்ப் பார்ப்பேன், யாராவது வந்தால் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவேன்.

ஃபாதரிடம் அனுமதி கேட்டு, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் மேசை போட்டாள். பக்கத்திலேயே மீஹூன் சேமியாவும் வடையும் விற்கும் இடம். பசியாற வந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள், வரிசையும் நின்றது.

பெக்டரியில் ஒருத்தி பார்த்து வாசிக்க, இன்னொருத்தி எழுதுவாளாம். மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் உரக்க வாசிப்பார்களாம். அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. போனைக் கையில் வாங்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள்.

"அங்கிள், உங்களுக்கு இந்தப் பழம் வெட்டுற கேம்தான் எல்லாத்தையும் திங்குது!"

அந்த அங்கிள் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவர். வடை வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அஞ்சு வெள்ளியைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து ஜெபமாலைக் குழுவை நடத்துகிற அம்மா. சீரியல் பார்க்காதீர்கள் என்று எல்லாரையும் கண்டிக்கிறவர். அவர் போனில் சீரியலைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதுவும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

இரண்டாவது ஞாயிறு மூன்று பேர். மூன்றாவது ஞாயிறு ஒரே ஒருவர், சிங்கப்பூர் சிம் ஒன்றும் நம்ம சிம் ஒன்றும் போட்டிருப்பவர். கடலோரமாக வீடு என்பதால் வீட்டுக்குள் இருக்கும்போதே அவர் போன் அந்தக் கரை சிங்கப்பூர் லைனைப் பிடித்துக்கொண்டு காசைத் தின்றிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு அவர் ரொம்ப நன்றி சொன்னார். நாலாவது ஞாயிறு யாரும் இல்லை.

மருமகள் அஞ்சு வெள்ளியை மூணு வெள்ளி ஆக்கினாள். அறிவிப்பைப் பெரிய எழுத்தில் எழுதினாள். "சனங்களுக்கு இன்னும் புரியல அத்தை" என்றாள்.

எனக்கு இரண்டாவது ஞாயிறே தெரிந்துவிட்டது. நான் மண்டபத்து வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வருகிறவர்கள் அவள் மேசையைப் பார்த்ததும், சட்டைப் பையில் இருந்த போனை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். பெண்கள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்கள். விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இருந்தும் மூன்று வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டுமானால் என் போனை அவள் வாசித்த அன்றைக்கு என் மனம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு நாள் அவள் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாஸ்போர்ட் அளவில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். சிங்கப்பூர்க் கம்பெனிப் பேப்பரில் ஒட்டுவதற்காம். போட்டோவில் அவள் முகம் தூங்கி எழுந்த முகம் மாதிரி இருந்தது. பிள்ளை ஒரு போட்டோவை எடுத்துத் தன் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டது.

அன்று இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தோம். முகம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத வேலை. அதனால்தான் பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

"நீ சத்தமா படிக்கிற" என்றேன்.

"என்னத்த அத்தை?"

"போன்ல இருக்கிறத. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

"அதுல என்ன இருக்கு? எத்தனை டேட்டா போச்சுங்கிற கணக்குத்தானே."

"கணக்கு இல்லம்மா. அது அவங்க தனியா இருக்கிறப்ப என்ன பண்றாங்கங்கிறது." இதைச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. "ஃபாதர் நம்ம பாவசங்கீர்த்தனத்த மைக்குல சொன்னா யாராச்சும் போவோமா?"

அவள் கை நின்றது. "அன்னிக்கு உங்களுக்குக் கோவமா அத்தை?" என்று கேட்டாள்.

"கோவம் இல்ல. வெக்கம்."

அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தபடி நான் மீதி நெத்திலியைக் கிள்ளினேன். பிறகு வரவேற்பறையிலிருந்து அவள் குரல் கேட்டது. பிள்ளையை எதிரே உட்காரவைத்து, அதன் கையில் டிவி ரிமோட்டைக் கொடுத்திருந்தாள்.

"போன் உங்க கையிலயே இருக்கட்டும். எனக்குக் காட்ட வேணாம். மேல இருக்கிறது பெரிய நம்பரா? ஆமான்னு மட்டும் சொல்லுங்க."

"ஆமா" என்றது பிள்ளை.

"அது என்னன்னு எனக்குச் சொல்ல வேணாம்."

"கார்ட்டூன்!" என்றது பிள்ளை.

அடுப்படியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் அங்கே சிரிப்பது கேட்டது.

ஒரு சிக்கல் இருந்தது. என்னைப் போல் இங்கிலீஷ் எழுத்து தெரியாதவர்கள் எதை அமுக்குவது? அதை மட்டும் நானாகவே கேட்டேன். அவள் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, பல் சக்கரம், மேலும் கீழுமாக இரண்டு அம்பு என்று போனில் வருகிற அடையாளங்களை வரிசையாக வரைந்தாள். போனுக்குப் போன் மாறும் என்பதால் நாலைந்து அட்டை. நான் என் போனில் பார்த்துப் பார்த்து, புரிகிறது, புரியவில்லை என்று சொன்னேன். புரியாததை அவள் மறுபடி வரைந்தாள்.

அடுத்த ஞாயிறு மேசையை வடைக் கடையிலிருந்து தள்ளி, நாற்காலிகள் அடுக்கியிருக்கும் மூலைக்குக் கொண்டுபோனாள். உட்காருகிறவரின் முதுகுப் பக்கம் சுவர். திரையை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனாலும் யாரும் வரவில்லை. நான் எழுந்து, அத்தனை பேருக்கு நடுவே நடந்து போய், அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் போன் ஏற்கெனவே சரி செய்ததுதான். இருந்தாலும் அவள் முதலிலிருந்து மெதுவாகக் கேட்டாள், நான் ஆமா, இல்ல என்று பதில் சொன்னேன். நான் எழுந்தபோது பக்கத்து வீட்டு அக்கா அடுத்த ஆளாக நின்றுகொண்டிருந்தாள். அவள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். எதற்கு என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வாரா வாரம் ஆட்கள் வந்தார்கள். பாடகர் குழு அங்கிள் தன் மனைவியை அனுப்பினார். பெக்டரிச் சம்பளம் அளவுக்கு வரவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு தடவை சரி செய்தவர் ஏன் திரும்ப வரப்போகிறார் என்ற யோசனையும் எனக்கு இருந்தது. நன்றாகச் செய்தால் அந்த ஆளோடு வேலை முடிந்துவிடுகிற தொழில் அது.

இரண்டு மாதம் முடிகிற ஞாயிறு. மகன் மண்டபத்தில் மீஹூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தூரத்தில் இருக்கிற பெக்கான் நானாஸிலிருந்து ஒரு அம்மா வந்தார். "போனப் பாக்காமலே சொல்ற பொண்ணு இங்க யாரு?" என்று வாசலிலேயே கேட்டார். யாரோ சொல்லி பஸ் ஏறி வந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து இரண்டு போனை எடுத்து வைத்தார்.

"இது என்னோடது. இது வீட்டுக்காரரோடது. தூங்குறாரு, எடுத்துட்டு வந்துட்டேன். முதல்ல இதச் சொல்லு."

"அவர் வரணுமேம்மா" என்றாள் மருமகள்.

"நீ பாக்க வேணாம்மா. நான் பாத்துக்கிறேன். எங்க அமுக்கணும்னு மட்டும் சொல்லு. அம்பது வெள்ளி தர்றேன்."

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மருமகள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்துகொண்டேன். அவளாகத்தான் சொல்ல வேண்டும்.

"போன் யாரோடதோ அவங்கதான் இந்த நாற்காலியில உக்காரணும். உங்களோடத எடுங்கம்மா, செய்வோம்" என்றாள்.

"பஸ் ஏறி வந்தவள இப்படியா சொல்லுவ?" அந்த அம்மா முணுமுணுத்தார். கோபமாகத்தான் தன் போனைத் திறந்தார். ஆனால் எழுந்து போகவில்லை. வரிசையிலிருந்து எந்த ஆணும் விலகவில்லை. வடைக் கடை ஓரத்தில் சும்மா நின்றிருந்த இரண்டு ஆண்கள் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். மகன் முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் அவன் கேட்டான். "நாளைக்குப் பேப்பர் குடுக்கணும். என்னன்னு சொல்லட்டும்?"

"நீங்களே பாத்தீங்கள்ல" என்றாள்.

"அம்பது வெள்ளிய விட்டுட்ட."

"ஆமா. விட்டுட்டேன்."

அவன் வெகுநேரம் கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தான். பிறகு, "கம்பெனியில வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிர்றேன்" என்றான். அவள் முந்தானையால் மேசையைத் துடைத்தாள், மேசையில் தூசியே இல்லை. அவன் நாற்காலியைச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் போனை எடுத்துத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என் சிங்கப்பூர் லைன் பாதி மாசத்துலயே தீந்துபோகுது. எனக்கும் சொல்லு. ஆனா பாக்கக் கூடாது."

"மூணு வெள்ளி."

"புருஷனுக்குமா?"

"புருஷனுக்குப் பத்து. சரி, பல் சக்கரத்த அமுக்குங்க. மேல இருக்கிறதுதான் பெரிய நம்பரா?"

நான் அடுப்படியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். கேட்கக் கூடாதுதான். ஆனாலும் குழாயைக் கொஞ்சம் மூடினேன். அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மெல்ல, "ஆமா" என்றான்.