வடிவான பற்களுடைய பிணங்கள்

1. யாழ்ப்பாணத்தில் ஒன்பது ஆண்டுகள் சட்டத்தரணியாகத் தொழில் செய்து, இப்போது இலண்டன் செவன் கிங்ஸில் தனியே வசிக்கும் சின்னையா நடேசலிங்கமாகிய நான் இதை எழுதுகிறேன்.

2. இதிலுள்ளவை நான் கண்டவையும் கேட்டவையும். ஓரிடத்தில் மட்டும் ஊகிக்கிறேன். அதை அங்கேயே குறிப்பிட்டிருக்கிறேன்.

சிவபாதம் அண்ணை காலமான செய்தியைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னவர் அவருடைய பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மையார். இரண்டு நாட்களாகப் பால் போத்தல்கள் வாசலிலேயே நின்றதைக் கண்டு அவர்தான் பொலிசை அழைத்திருக்கிறார். அதற்கு முதல்நாள் நானும் இரண்டு தடவை தொலைபேசி எடுத்தேன். பதில் இல்லை. என் வீட்டிலிருந்து அங்கே பத்து நிமிட நடை. நான் போகவில்லை.

அண்ணையைக் கட்டுப்பல் செய்பவராக உங்களில் பலர் அறிவீர்கள். ஹலோவீன் நாளில் பிள்ளைகள் வேடமிட்டு வீடுவீடாகத் தட்டி இனிப்புக் கேட்பார்களே, அவர்களுக்காக ஆண்டுதோறும் எழுந்து நடக்கும் பிணத்தின் உருவமொன்றைச் செய்து தம் வாசலில் அவர் நிறுத்தியது சிலருக்கே தெரியும். எண்பதுகளின் நடுவில் காரணம் கேட்டேன்.

"வந்த முதல் வருசம் என்ர கதவைத் தட்டினது அந்தப் பிள்ளையள் மட்டும்தான், தம்பி. அவையள் திரும்பி வாறதுக்கு ஏதாவது வேணுமெல்லோ?"

முதலாவதைக் கோதுமை மாப் பசையில் பத்திரிகைத் தாள் ஒட்டிச் செய்தார். பூச்சி அரிக்காதென்று பசையில் மஞ்சளும் கலந்தார். "இவர் மஞ்சட்காமாலையில் இறந்தவரா?" என்று மார்கரெட் அம்மையார் விசாரித்தாராம். மழையில் ஊறிய மிச்சத்தை நத்தைகள் தின்றன. அடுத்த ஆண்டு, தொழிலில் பழகிய பிளாஸ்டரில் தலையை வார்த்தார். மெல்லிய கடதாசியை ரப்பர்ப் பாலில் தோய்த்துச் சுருக்கி ஒட்டியபோது தோல் உண்மையாகவே அழுகியதுபோல் தொங்கியது. பற்கள் மட்டும் வரிசை பிசகாமல் வெள்ளையாக இருந்தன.

"செத்தவனுக்கு இவ்வளவு வடிவான பல்லோ, அண்ணை?"

"ஊத்தைப் பல்லு வைச்சு என்ர பேரைக் கெடுக்க ஏலாது."

பின்னொரு ஒக்டோபரில், எதில் செய்யலாமென்று என்னிடமே கேட்டார். குசினி மேசையில் பொருட்களைப் பரப்பியிருந்தார். பிளாஸ்டர் சரிந்தால் பிள்ளையின் கால் முறியும் என்றேன். ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகை மெழுகுதிரியில் பற்றும். ரப்பர்ப் பால் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். கம்பி கண்ணில் குத்தும்.

"உங்கட அகதி விண்ணப்பமும் இன்னும் முடியேல்லை. ஒரு பிள்ளைக்குக் காயம் வந்தால் நீங்கள்தான் பொறுப்பு."

"அப்ப ஒண்டும் வைக்க ஏலாது எண்டு சொல்லுறீர்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. கவனம் எண்டுதான் சொன்னன்."

அவர் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்தார்.

அந்த ஹலோவீன் மாலை ஏழு மணியளவில் போனேன். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. ஆகவே நானும் தட்டவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு கதிரையில், மடிப்புக் குலையாத சேட்டுடன் அவர் இருந்தார். மடியில் இனிப்புக் கிண்ணம் நிரம்பியபடி. அவர் நாலு மணியிலிருந்தே அப்படி இருந்தார் என்பது என் ஊகம்.

"ஒருத்தரும் தட்டேல்லை, தம்பி. நீராவது ஒண்டு எடும்."

எடுத்தேன்.

மறு ஆண்டு செப்டெம்பரில் கதிரை மெத்தைக்கு வைக்கும் ஸ்பொஞ்சை வாங்கிக்கொண்டு போனேன். என் காலில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், நோகவில்லை என்று அவரிடம் சொன்னேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"சட்டத்தரணி சேர்டிபிக்கட் குடுத்த பிணம்! அது வடிவாத்தான் நிக்கும்."

நின்றது. பிள்ளைகளும் வந்தார்கள். ஆயினும் கிண்ணம் நிரம்பியிருந்த அந்த ஒரு மாலையை நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்காக மன்னிப்பும் கேட்கவில்லை.

தகனத்துக்கு ஆறு பேர் வந்தோம். அவர் செய்த உருவங்களை வீட்டுச் சொந்தக்காரர் எறிந்துவிட்டார். மறுநாள், முன்கூட்டி அறிவிக்காமல் மார்கரெட் அம்மையார் வீட்டின் முன் நின்றேன். பேச எதையும் ஆயத்தம் செய்யவில்லை. தட்டினேன். இந்நாட்டில் தொலைபேசி எடுக்காமல் நான் தட்டிய முதல் கதவு அது. அண்ணையின் நினைவாக நான் வைத்திருப்பது இந்தப் பழக்கம் ஒன்றுதான். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் தட்டுகிறேன்.

இதை மார்கரெட் அம்மையாரின் மேசையிலேயே எழுதி முடித்து, அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். பற்களைப் பற்றி எழுதியது சரி என்றார். பிறகு ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: உருவம் இல்லாத அந்த ஆண்டு, அண்ணை வீட்டில் இல்லையென்று நினைத்து, தெருப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர் தாம்தானாம்.

சேர்த்திருக்கிறேன்.

ஒப்பம்: சி. நடேசலிங்கம்

சாட்சிகள், என் ஒப்பத்துக்கு மட்டும்:
மார்கரெட் ஹோல்ட்
அவருடைய சகோதரி டொரத்தி ஹோல்ட்