நெடுந்தீவில் ஒரு தேனீப் பெட்டியும் தண்ணீர்க் குழாயும்

நெடுந்தீவுக்குக் குதிரை பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். போன ஆனி மாதக் கடைசியில் நான் போனது, நானே கொண்டுபோய் வைத்த ஒரு தேனீப் பெட்டியைப் பார்க்க.

யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவில் சில பெட்டிகள் வைத்திருக்கிறேன். ஓய்வு நாட்களில் பள்ளிக்கூடங்களுக்குப் போய்த் தேனீக்களைப் பற்றிப் பேசுவேன். மாசியில் நெடுந்தீவின் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் நாலாம் வகுப்புக்குப் பேசிவிட்டு, தேனீக்களோடு ஒரு பெட்டியை அன்பளிப்பாகவும் கொடுத்துவிட்டு வந்தேன். வேப்பமரத்துக்குக் கீழே நின்று படமும் எடுத்தோம். நாலு மாதம் கழித்து வகுப்பாசிரியை செல்வராணி போன் எடுத்தார்.

"அண்ணை, ஒருக்கா வந்து பெட்டியைப் பாத்திட்டுப் போங்கோ."

தேன் எடுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். வெறும் போத்தல்களைக் கழுவிப் பையில் அடுக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காலை ஆறரைக்குக் குறிகட்டுவான் பஸ். ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. புங்குடுதீவுக்குப் போகும் கடல் ரோட்டில் யன்னலோரம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலம் என்பதால் படகு நன்றாக ஆட்டியது. வயிறு பிரட்டுகிற ஆட்கள் காலைச் சாப்பாட்டைக் குறைப்பது நல்லது.

இறங்குதுறையில் ஆட்டோ பிடித்தேன். அறுநூறு ரூபாய். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள்தானே பூச்சிப் பெட்டி கொண்டந்து வைச்சனீங்கள்?"

"ஓம் அண்ணை."

"பிள்ளையள் இப்ப வீட்டில இருந்துதான் தண்ணி கொண்டு போகுதுகள்," என்றார்.

போய் இறங்கியபோதுதான் விளங்கியது. பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புகிற தாங்கிக்குக் கீழே இருந்த குழாயைச் சுற்றித் தேனீக்கள் மொய்த்துக் கிடந்தன. கை வைக்க ஏலாது.

"கலைச்சுப் பாக்கேல்லையோ டீச்சர்?"

"அதுகள் தண்ணி குடிக்க வந்தால் குழப்பக்கூடாது எண்டு நீங்கள்தானே சொல்லிப்போட்டுப் போனீங்கள். நான் கலைக்கப் போனாலும் பிள்ளையள் விடுகுதுகள் இல்லை."

மாசியில் குளம் குட்டை எல்லாவற்றிலும் தண்ணீர் நின்றது. ஆனியில் அவை வற்றும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒரு மண்சட்டியில் கல்லுகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தால், முதல் நாளிலிருந்தே தேனீக்கள் அதற்குப் பழகியிருக்கும். தேனீ வளர்க்கிற எவருக்கும் தெரிந்த விஷயம். படத்துக்கு நின்று நேரம் போய்விட்டது, படகைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

வகுப்புக்குள் போனதும் பிள்ளைகள் சந்தோசமாக எழும்பி நின்றார்கள். ஒருத்தி மட்டும் இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். பெயர் அனுசியா. கை வீங்கியிருந்தது.

"தேனீ கொட்டினதோ பிள்ளை?"

"இல்லை சேர்." பிறகு அழுகிற குரலில், "நான் ஒண்டும் செய்யேல்லை சேர். சத்தியமா. கொண்டந்த தண்ணி முடிஞ்சு போத்தல் நிரப்பத்தான் போனனான்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. 'நாங்கள் கெடுதல் செய்யாவிட்டால் தேனீ கொட்டாது' என்று மாசியில் வகுப்பு முழுவதையும் உரத்துச் சொல்ல வைத்தவன் நான். அப்படியென்றால் கொட்டு வாங்கியவள் கெடுதல் செய்தவள். கதவிடுக்கில் கை நெரிபட்டது என்று வீட்டிலும் டீச்சரிடமும் சொல்லியிருக்கிறாள்.

பிள்ளைகளின் பயத்தைப் போக்க எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நான் சொல்கிற வசனம் அது. முழு உண்மை இல்லை என்று தெரிந்தேதான் சொல்லி வந்தேன்.

"சேர் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றேன். "நாங்கள் ஒண்டும் செய்யாட்டிலும் சில நேரம் கொட்டும். கொட்டுப்பட்ட ஆளில பிழையில்லை."

அனுசியா கையைப் பார்த்தபடி கேட்டாள்:

"அப்ப அம்மாட்டச் சொல்லலாமோ சேர்?"

"ஓம் பிள்ளை."

டீச்சர் உடனேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பயப்பட ஒன்றுமில்லை என்றார்களாம். அவர்கள் திரும்பி வந்த பிறகு, பெட்டியைக் கொண்டுபோகப் போகிறேன் என்று வகுப்பில் சொன்னேன். கொஞ்சத் தூரம் தள்ளி வைத்தாலும் தேனீக்கள் அதே குழாய்க்குத்தான் வரும், வேறு வழியில்லை. இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். சிலர் திரும்பி அனுசியாவைப் பார்த்தார்கள். "அவளால இல்லை, என்னாலதான் கொண்டு போறன்," என்று இரண்டு தரம் சொன்னேன். எத்தனை பேர் நம்பினார்களோ தெரியாது. அந்தியில் தேனீக்கள் உள்ளே அடங்கியதும் வாசலை அடைத்தேன். அன்றிரவு டீச்சரின் தம்பி வீட்டில் தங்கிவிட்டு, காலைப் படகில் பெட்டியோடு திரும்பினேன்.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் படகு நேரத்தை முதல் நாளே விசாரியுங்கள், காற்றைப் பொறுத்து மாறும். குடிக்கிற தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், ஊராரின் தண்ணீரில் பங்கு கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்குத் தேனீப் பெட்டி கொடுக்க நினைப்பவர்கள் கோடையில் ஒரு தரம் போய், அங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். தேனீ கொட்டும் என்பதையும், கொட்டினால் மறைக்காமல் பெரியவர்களிடம் சொல்லவேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அனுசியாவின் கை வீக்கம் வற்றிவிட்டதாக டீச்சர் செய்தி அனுப்பியிருந்தார். அம்மாவிடம் அவள் என்ன சொன்னாள் என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.