என் மகளுக்குக் கிடைத்த இடம்

அந்த வருடம் எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: கோட்டா. மகள் பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான அரசு மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. பெரும்பங்கு இடம் மலாய்க்காரர் முதலான பூமிபுத்ரா பிள்ளைகளுக்கு என்பது ஊரறிந்த விஷயம். மலேசியாவின் செனாயில் நான் சூப்பர்வைசராக இருந்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பித் தீர்த்தேன்.

பொறுமையாகக் கேட்டவர் ஒருவர்தான். தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்திருந்த இஞ்சினியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, மகளோடு உட்கார்ந்து மேல்முறையீட்டுக் கடிதத்தை எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் கேண்டீனில் அவரிடம் கேட்டேன்.

“ஊர்ல எந்தப் பக்கம் தம்பி? உங்க ஆளுங்கல்லாம் அங்க என்ன பண்றாங்க?”

மலேசியாவில் சாதி இல்லை என்று மேடையில் பேசுவோம். ஆனால் இந்தக் கேள்வியை மட்டும் விட மாட்டோம்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. “நாங்க எஸ்சிண்ணே. கோட்டாவுலதான் சீட்டு கெடைச்சுது. எங்க தெருவுல காலேஜுக்குப் போன மொத ஆளு நான்தான்.”

பெருமையாகத்தான் சொன்னார். “ஓ, அப்படியா லா” என்று சாப்பாட்டில் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து மெஷின்களுக்கு அவர் எழுதித் தரும் சூட்டு அளவுகளை இரண்டு முறை சரிபார்க்க ஆரம்பித்தேன். ஒரு தப்பும் சிக்கவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் அவசரத்தில் மெஷினின் சூட்டை நான் தப்பாக வைத்துவிட்டேன். ஒரு ஷிப்ட் சரக்கு முழுவதும் குப்பைக்குப் போனது. மேனேஜர் கூப்பிட்டார். சீனர், தன் மகனுக்கும் பல்கலைக்கழக இடம் கிடைக்காத எரிச்சலில் இருந்தவர். யார் வேலை என்று கேட்டார். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். “அளவு கொடுத்தது இஞ்சினியர். இந்தியாவில் கோட்டாவில் படித்தவர்” என்று மலாயில் சொன்னேன்.

“கோட்டாவா?” என்றார் மேனேஜர். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எங்களை வெளியே நிறுத்திய கோட்டாவும், தலைமுறை தலைமுறையாக வெளியே நின்றவரை உள்ளே விட்ட கோட்டாவும் ஒன்றா என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை என்பதே உண்மை. அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அவர் கிளம்புகிற வாரம் மேல்முறையீட்டின் முடிவு வந்தது. இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கிய இடங்களில் ஒன்று மகளுக்குக் கிடைத்திருந்தது. தொழிற்சாலை முழுக்க லட்டு கொடுத்தேன். மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாப்பாவுக்கு இது கெடைக்க வேண்டியதுதாண்ணே. நல்லாப் படிக்கச் சொல்லுங்க.”

என்ன காரணத்தால் வேலை போனது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மேனேஜரின் அறை பத்தடி தூரம். கதவும் திறந்திருந்தது. நான் அடுத்த மேசைக்கு லட்டு கொடுக்கப் போனேன்.