புரொக்டரின் தலையணை

கார் வைத்திருப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அதிலும் கோட்டில் வழக்குப் பேசும் அந்தப் புரொக்டரைக் கண்ணில் காட்டக்கூடாது. வெள்ளைக்காரர் எங்கள் ஊர்த் துறைமுகத்தை விட்டுப் போன காலத்தில், ஒரு கடற்படைக்காரனிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவிட்டு, அது தூக்கிப் போடுகிறது என்று என் கராஜுக்கு மூன்று தரம் வந்தார். மூன்றாம் தரம் சீற்றில் தலையணை வேறு. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷொக் அப்சோபர் லூசானால்தான் கார் குதிக்கும் என்பது என் எண்ணம். வந்த தரமெல்லாம் அதன் நட்டை இறுக்கியே அனுப்பினேன்.

"இறுக்க இறுக்கக் கூடத்தான் குதிக்குது," என்றார்.

"ஸ்போர்ட்ஸ் கார் எண்டால் அப்பிடித்தான் ஐயா. சொகுசு வேணுமெண்டால் சாய்மனைக் கதிரையில இருங்கோ."

"நீங்கள் இதில ஒருக்கா ஏறிப் பாத்தனீங்களோ?"

"நான் திருத்துறனான். சவாரி போறதில்லை."

அவர் கோபிக்கவில்லை. தலையணையைப் பக்கத்து சீற்றில் போட்டு, "ஏறுங்கோ," என்றார்.

உப்புவெளி போவதற்குள் இரண்டு தரம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் இறுக்கிய இறுக்கில் ஸ்பிரிங் அசையவே இல்லை. ஒவ்வொரு குழியும் நேரே முதுகெலும்பில் ஏறியது.

"நிப்பாட்டுங்கோ," என்றேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்க, மண்ணில் படுத்து நாலு நட்டையும் இளக்கினேன்.

திரும்பும்போது கார் குலுங்காமல் வந்தது.

அந்த மனுசனை இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த வழி முழுக்கத் தலையணையின் மேல் இருந்து நாக்கைக் கடித்தவன் நான். அவர் வெறும் சீற்றில் இருந்தார்.