அடித்தகட்டுக்குள் ஒரு சிவப்புப் பொட்டு

தொண்ணூறுகளின் நடுவில், வீட்டில் பாட்டுக் கேட்க ஓர் ஆம்ப்ளிஃபையர் தேடினேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த காலம். என் சம்பளத்துக்கு எட்டியவை இரண்டுதான். ஒன்று, பேட்டையில் ஒரு மெக்கானிக் தானே கட்டித் தரும் மரப்பெட்டி செட். மற்றது, சவுதியிலிருந்து திரும்பிய மேலப்பாளையத்துக்காரர் விற்க வைத்திருந்த பழைய ஜப்பான் ரிசீவர். ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்.

இருவரையும் நான் நம்பவில்லை. ரிசீவர் தூசியில்லாமல் துடைத்திருந்தது. எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன். தூசியோடு இருந்திருந்தாலும் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பேன்.

"கொண்டு போயி யார்ட்ட வேணும்னாலும் காட்டுங்க," என்றார் மேலப்பாளையத்துக்காரர். பேட்டை மெக்கானிக்கிடமே கொண்டுபோனேன். அவர் பாட்டே போடாமல் சத்தத்தை முழுக்கத் திருப்பி, ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

"ஒரு இரைச்சல் கிடையாது. நம்ம செட்டைவிட நல்ல சாமான் சார்வாள், இதையே வாங்கிக்கிடுங்க. ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பாத்தா உறுதியாச் சொல்லிருவேன்."

தன் சரக்கை விட்டு அடுத்தவன் சரக்கை எவன் புகழ்வான்? இருவருக்கும் இடையே ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்று முடிவுகட்டினேன். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். உடன் வேலை பார்த்தவர் இன்னும் கிளறிவிட்டார்.

"செம்புக் கம்பி ட்ரான்ஸ்பார்மரை உருவிட்டு அலுமினியத்தைச் சொருகிருவான். குறி வச்சுட்டுக் குடும் வே."

எங்கள் பக்கம் அது வழக்கம்தான். ரேடியோவைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்முன் பலர் உள்ளே ரகசியமாக அடையாளம் வைப்பார்கள். அன்று மாலை தலையணையில் பெட்டியைக் கவிழ்த்து, அடித்தகட்டைக் கழற்றி, ட்ரான்ஸ்பார்மரில் என் மனைவியின் நெயில் பாலீஷால் ஒரு பொட்டு வைத்தேன்.

"பொட்டிக்குப் பொட்டு வைக்கியளே, பொண்ணு பாக்க வாராவளா?" என்று அவள் சிரித்தாள்.

ஒரு நாள் கடையில் ஓடி, நல்ல பேரோடு பெட்டி திரும்பி வந்தது. அவசரத்தில் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ட்ரான்ஸ்பார்மரில் சிவப்பு எங்குமே இல்லை.

மறுநாள் வெறுங்கையோடு பேட்டைக்குப் போனேன். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

"எங்க வே என் ட்ரான்ஸ்பார்மர்?"

"எதைச் சொல்லுதிய சார்வாள்?"

பொட்டு வைத்த கதையைச் சொன்னேன். அவர் முதலில் தன் வாடிக்கையாளர்களைப் பார்த்தார், பிறகு என்னை. "நான் மூடியே கழத்தல. பொட்டியக் கொண்டாங்க, எல்லாரும் பாக்கத் திறப்போம்."

"மறுபடியும் உன் கையிலயா?"

"சரி. பாட்டு மாறிக் கேக்குதா? அதை மட்டும் சொல்லுங்க."

பாட்டு மாறவில்லை. அதை நான் சொல்லவில்லை. நின்றவர்களில் ஒருவர் தன் டேப் ரெக்கார்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கினார்.

உள்ளே மாற்றிய பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை என்று எண்ணி, ரிசீவரை நானே வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் கல்லூரி அரங்கத்துக்கு ஆம்ப்ளிஃபையர் கட்டும் வேலைக்கு அந்த மெக்கானிக்கும் கேட்டிருந்தார். அவருக்கு அதுவரை கிடைக்காத பெரிய வேலை. முதல்வர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "கை சுத்தமில்லை," என்றேன். வேலை வேறொருவருக்குப் போனது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ரிசீவரின் ஃபியூஸ் போனது. அதை மாற்ற அடித்தகட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. மறுபடி தலையணையில் கவிழ்த்தேன். ட்ரான்ஸ்பார்மரின் அடிப்பக்கத்தில், நான் வைத்த இடத்திலேயே, பொட்டு இருந்தது. கவிழ்த்து வைத்துக் குறியிட்டவன், நிமிர்த்தி வைத்துத் தேடியிருக்கிறேன். இதையே ஒரு மாணவன் செய்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

பேட்டைக்குப் போனேன். எதிர்த்த டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்தேன். மெக்கானிக் தன் கடையில் குனிந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கடையில் வேறு யாருமில்லை. வேலைதான் போய்விட்டதே, இனிச் சொல்லி என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சில ஆண்டுகள் கழித்து, அதே அரங்கத்தில் எனக்கு வழியனுப்பு விழா. நான் பேச எழுந்ததும் ஆம்ப்ளிஃபையர் கீச்சிட்டு இரைந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எவன்ட்டலே இந்த வேலையக் குடுத்தாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் நான்; மைக்கும் என் கையில்தான் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.