லாக்கை எடுத்துவிடச் சொன்ன வசந்தி அக்கா

வசந்தி அக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய அண்ணன் போனில் சொன்னபோது, "எந்த வசந்தி?" என்று கேட்டுவிட்டேன். முந்தின மாலைதான் என்னோடு பேசியிருந்தார். தூக்கத்திலேயே மாரடைப்பாம். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆரணியில் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தார். நானும் அதே குழுவில், போளூரிலிருந்து. ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓடவைக்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளை எழுதுவதுதான் எங்கள் வேலை. ஹார்ட் டிஸ்கோ நெட்வொர்க்கோ பிராசஸரைக் கூப்பிடுவதற்கு இன்டரப்ட் என்று பெயர். அந்த அழைப்பை இடையில் நிறுத்தாமல் நேரே கொண்டுசேர்க்கும் வேகவழி உண்டு. சில வேளை அந்த வழியை மூடி, அழைப்புகளை வேறு வழிக்கு மாற்ற வேண்டியிருக்கும். மூடியதை ஒரு பிராசஸர் மட்டும் அறியாமல் போனால் அழைப்பு தொலைந்துவிடும்.

அப்படித்தான் ஒருமுறை ஓர் ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை முடிவுகள் திரைக்கு வராமல் நின்றன. வாரக்கணக்கில் காரணத்தைத் தேடி, வழி மாறும்வரை மற்ற பிராசஸர்களை நிறுத்திவைக்கும் ஒரு பூட்டை, எங்கள் பேச்சில் லாக்கை, நிரலில் போட்டவர் அக்கா.

"லாக் இல்லன்னா வேகமா ஓடுதுக்கா" என்றேன் பிறகொரு நாள்.

"ஓடும். எங்க ஓடுதுன்னு பார்த்தியா?" என்று சிரித்தார்.

அவரே அந்தக் கடைசி மாலையில், "அந்த லாக்கை எடுத்துடுப்பா" என்றார்.

"இன்னாக்கா சொல்றீங்க? நீங்கதான சண்ட போட்டு வெச்சீங்க?"

"தப்பா நெனச்சிகினு இருந்தேன். நாளைக்கி வீட்டுக்கு வா, வரைஞ்சி காட்றேன்."

மறுநாள் போனேன், சாவு வீட்டுக்கு.

"இன்னா வேலைங்க செஞ்சிகினு இருந்தா? கேட்டா சிரிப்பா" என்றார் அண்ணன்.

விளக்கத் தொடங்கிப் பாதியில் தடுமாறினேன். "ஒருத்தர் கூப்பிட்டா, அது போய்ச் சேரணுங்க. அதப் பாத்துகினாங்க."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பிறகு லாக்கை எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். ஒருமுறை கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது. இன்னொருமுறை உறைந்து நின்றது. அக்கா சொன்னது தவறா, நான் எடுத்த விதம் தவறா? கேட்க ஆளில்லை. இப்போதைக்கு லாக்கை இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். அது மரியாதையா பயமா என்று சொல்லத் தெரியவில்லை.

சாவன்று அக்காவின் இறுதி ஊர்வலம் தெருமுனையில் திரும்பியபோது, எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிக் கைகூப்பினார். பின்னால் வந்த வண்டிகளில் ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை. அந்த அமைதிக்கு நடுவே அக்கா மெல்லக் கடந்து போனார்.

போய் வாங்கக்கா.